டூர் டிவைட்: நிற்கும் நேரத்தில் தீர்மானமாகும் சைக்கிள் பந்தயம்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து சைக்கிள்காரர்கள் கூட்டமாகத் தெற்கு நோக்கிக் கிளம்புகிறார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம் மெக்சிகோ எல்லையில் இருக்கும் ஆன்டிலோப் வெல்ஸ் சோதனைச் சாவடி. நடுவில் சுமார் 4,400 கி.மீ. மலைப்பாதை. 2025-இல் சுவிட்சர்லாந்துக்காரர் ராபின் கெம்பர்லே இதை 11 நாள் 19 மணி நேரத்தில் முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு யுஸ்டினாஸ் லெவெய்க்கா 13 நாள் 2 மணி நேரத்தில் முடித்ததே அதுவரை சாதனையாக இருந்தது.

இந்தச் செய்தியைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. வழியில் நடுவர்கள் கிடையாது. நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. இணைய வரைபடத்தில் மெல்ல ஊர்ந்து போகும் சில புள்ளிகள்தான் மொத்தப் பந்தயமும். அந்தப் புள்ளிகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால், வேகத்தைவிட நிற்கும் நேரம்தான் இந்தப் பந்தயத்தின் மையம் என்பது புரியும்.

பாதை

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரின் உச்சி நெடுக ஒரு நீர்ப்பிரி முகடு ஓடுகிறது. அதற்கு மேற்கே விழும் மழை பசிபிக் பக்கம் போகிறது. கிழக்கே விழுவது அட்லான்டிக் பக்கமோ வடக்கே ஆர்க்டிக் பக்கமோ போகிறது. இந்த முகட்டை ஒட்டி, வனத்துறைச் சாலைகள், கைவிடப்பட்ட கனிமச் சுரங்கங்களுக்குப் போன பாதைகள், சரளைச் சாலைகள், கொஞ்சம் தார்ச்சாலை எல்லாவற்றையும் கோத்து ஒரு நெடும்பாதையை 1990-களில் வரைந்தது மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரில் இயங்கும் அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேஷன். அது சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்ட பாதை. நிதானமாகப் போகிறவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

1999-இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் இதன் அமெரிக்கப் பகுதியைத் தனி ஆளாக 18 நாளுக்குச் சற்று கூடுதலான நேரத்தில் ஓட்டி முடித்தார். ‘இதை இவ்வளவு வேகமாகவும் போகலாமா’ என்று மற்றவர்களை யோசிக்க வைத்தது அந்த ஓட்டம்தான். 2004-இல் அமெரிக்கப் பகுதியில் மட்டும் ஒரு பந்தயம் தொடங்கியது. 2008-இல் மேத்யூ லீ அதைக் கனடாவின் பான்ஃப் வரை நீட்டி டூர் டிவைட் ஆக்கினார். அந்த முதல் ஆண்டு வென்றவரும் அவரே.

ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா, மொன்டானா, ஐடஹோ, வயோமிங், கொலராடோ, நியூ மெக்சிகோ என்று பாதை நீள்கிறது. மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 45,000 மீட்டருக்கு மேல் வரும். மிக உயரமான இடம் கொலராடோவில் உள்ள இந்தியானா கணவாய், ஏறத்தாழ 3,630 மீட்டர். காட்டுத்தீயாலும் சாலை மூடலாலும் பாதை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். அதனால் ஓர் ஆண்டின் சாதனையை இன்னோர் ஆண்டின் சாதனையோடு நிமிடக் கணக்கில் ஒப்பிடுவதில் பெரிய அர்த்தமில்லை.

‘துணையின்றி’ என்றால் என்ன?

நம் ஊரில் பலர் கேள்விப்பட்டிருக்கும் பந்தயம் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’. 2017-இல் ராணுவ மருத்துவர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் அதைத் தனி ஆளாக முடித்த முதல் இந்தியர் ஆனார். அந்தப் பந்தயத்தில் ஓட்டுபவருக்குப் பின்னால் கார் வரும். சாப்பாடு, உடை, மெக்கானிக், வழிகாட்டி எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. சென்னையிலும் கோவையிலும் பலர் ஓட்டும் ‘பிரவே’ என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் வேறு வகை. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம், 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் என்று வரம்பு உண்டு, இடையில் சோதனை மையங்கள் உண்டு. ஆனால் அது போட்டி அல்ல.

டூர் டிவைட் இந்த இரண்டிலும் சேராது. இது போட்டிதான், ஆனால் ஓட்டுபவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். விதிகள் நிறைய இருப்பதுபோலத் தோன்றினாலும், எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கும்: ‘எனக்குக் கிடைப்பது, எனக்குப் பின்னால் வரும் கடைசி ஆளுக்கும் அதேபோல் கிடைக்குமா?’

1. கடையில் வாங்கலாம், ஓட்டலில் சாப்பிடலாம், விடுதியில் அறை எடுக்கலாம், சைக்கிள் கடையில் பழுது பார்க்கலாம். காசு கொடுத்தால் யாருக்கும் கிடைப்பவை இவை.

2. நண்பரின் வீட்டில் முன்னேற்பாடாகச் சாப்பாடு வாங்கக் கூடாது. புதரில் பை ஒளித்து வைக்கக் கூடாது. ஆனால் வழியில் உள்ள தபால் அலுவலகத்துக்குத் தனக்குத் தானே பார்சல் அனுப்பிக்கொள்ளலாம். அது எல்லோருக்கும் திறந்திருக்கும் வசதி.

3. பாதையில் முன்னேறுவது முழுக்கத் தன் காலால்தான். கடைக்காகப் பாதையை விட்டு விலகினால், விலகிய அதே இடத்துக்குத் திரும்பி வந்து தொடர வேண்டும்.

4. இன்னொரு சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிப் போகக் கூடாது. பேசிக்கொண்டு பக்கத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுவது வேறு விஷயம்.

5. எதிர்பாராத உதவி வந்தால் ஏற்கலாம். மொன்டானாவில் ஒவாண்டோ என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே பழைய சிறைக் கொட்டடியைச் சைக்கிள் பயணிகள் படுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். முதலில் வருபவரும் கடைசியில் வருபவரும் அதில் தூங்கலாம் என்பதால் விதி மீறல் இல்லை.

நடுவர் இல்லாத பந்தயத்தில் இவற்றை யார் கண்காணிப்பது? பெரும்பாலும் ஓட்டுபவரின் மனச்சாட்சி, அடுத்தபடியாக அந்தப் புள்ளி.

புள்ளி எப்படி வருகிறது?

ஒவ்வொருவரும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிராக்கரைச் சைக்கிளிலோ பையிலோ கட்டியிருப்பார்கள். அது ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் வழியாக அனுப்பும். ட்ராக்லீடர்ஸ் தளம் அதை வரைபடத்தில் காட்டும். செல்போன் சிக்னல் தேவையில்லை. அந்தக் காடுகளில் பெரும்பாலான இடங்களில் சிக்னலும் கிடையாது.

தொடர்ந்து பார்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

1. புள்ளி காட்டுவது கடைசியாகத் தகவல் வந்த இடத்தை. ஆள் இப்போது அங்கே இருக்கிறார் என்று பொருளில்லை. புள்ளியைத் தொட்டால் எத்தனை நிமிடம் பழையது என்று தெரியும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2. அடர்ந்த மரங்களும் ஆழமான பள்ளத்தாக்கும் வானத்தை மறைக்கும். அங்கே புள்ளி அரை மணி நேரம் உறைந்து நின்றுவிட்டு, திடீரென்று 8 கி.மீ. தாண்டிக் குதிக்கும்.

3. அசைவு இல்லாவிட்டால் தகவல் அனுப்புவதையே நிறுத்திக்கொள்ளும் கருவிகள் உண்டு. பேட்டரியும் தீரும். விடிந்ததும் டிராக்கிங் பொத்தானை அழுத்த மறந்துவிட்டுக் கிளம்பியவர்களும் உண்டு.

4. மணியைக் கணக்கில் எடுங்கள். ஜூன் மாதத்தில் அந்த மலை மாநிலங்களின் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட 11½ மணி பின்தங்கியது. நமக்குப் பகல் 12 என்றால் அங்கே நள்ளிரவு 12:30. மத்தியான இடைவேளையில் தளத்தைத் திறந்து, ‘எல்லாரும் நின்றுவிட்டார்களே’ என்று பதறத் தேவையில்லை. தூங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் பந்தயத்துக்கு வாங்கியதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

வேகமா, நிற்கும் நேரமா?

ஒரு எளிய கணக்குப் போடுவோம். இரண்டு பேர். இருவரும் பெடல் சுற்றும் நேரத்தில் சராசரியாக மணிக்கு 18 கி.மீ. போகிறார்கள். ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் நிற்கிறார், மற்றவர் 5 மணி நேரம். முதலாமவர் ஒரு நாளில் 288 கி.மீ. போவார், இரண்டாமவர் 342 கி.மீ. 13 நாளில் இடைவெளி 700 கி.மீ. ஆகிவிடும்.

8 மணி நேரம் நிற்பவர் இதை வேகத்தால் ஈடுகட்ட நினைத்தால், சராசரியை 21 கி.மீ.க்கு மேல் கொண்டுபோக வேண்டும். சரளைச் சாலையில், சுமையோடு, நாள்தோறும் மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு அந்த வேகத்தைக் காப்பாற்றுவது மிகத் திறமையானவர்களுக்கே கடினம். மூன்று மணி நேரம் குறைவாக நிற்பதோ பழகினால் வரக்கூடியது. அதனால்தான் முன்வரிசைப் போட்டியாளர்களின் விவரப் பக்கத்தில் அனுபவசாலிகள் முதலில் தேடுவது சராசரி வேகத்தை அல்ல, ஓடிய நேரத்துக்கும் நின்ற நேரத்துக்கும் உள்ள விகிதத்தை.

நின்ற நேரம் என்றால் தூக்கம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. முன்னணியில் இருப்பவர்கள் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் தூங்கினாலே பெரிது. மிச்சம் துண்டு துண்டாகக் கரைகிறது. ஏற்றத்தில் வியர்க்கும்போது ஜாக்கெட்டைக் கழற்றுவது, உச்சியில் குளிரும்போது மறுபடி போடுவது, செயினுக்கு எண்ணெய் விடுவது, சீட் உரசிப் புண்ணான இடத்தில் களிம்பு தடவுவது, ஓடையில் தண்ணீர் வடிகட்டுவது. ஐந்தைந்து நிமிடமாக ஒரு நாளில் பன்னிரண்டு முறை நின்றால் ஒரு மணி நேரம் போச்சு.

பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடைக்குள் ஒரு கைதேர்ந்த போட்டியாளர் நுழைவதைப் பாருங்கள். என்ன வாங்குவது என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருப்பார். நுழைந்ததும் முதலில் பவர் பேங்க்கைச் சார்ஜில் போடுவார். சூடாக இருக்கும் பர்ரிட்டோ (மெக்சிகோ பாணி ரொட்டிச் சுருள்) நான்கு, அவற்றில் இரண்டு இப்போதைக்கு, இரண்டு இரவுக்கு. சாக்லேட் பால், சிப்ஸ், மிட்டாய், உப்புக் கடலை. பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டிப் பைக்குள் அமுக்கிவிடுவார், காலிக் கவர் இடத்தை அடைக்கும். பாட்டில்களை நிரப்புவார். சாப்பிடுவதில் பாதி சைக்கிள் ஓட்டிக்கொண்டே நடக்கும். வரைபடத்தில் பார்ப்பவருக்கு இது வெறும் 15 நிமிட நிறுத்தம். அதே கடையில் நாற்காலியில் உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருப்பார்.

கடை திறந்திருக்கும் நேரமும் பந்தயத்தைத் திருப்பிப் போடும். வயோமிங்கில் அட்லான்டிக் சிட்டி என்ற சின்னஞ்சிறு ஊரிலிருந்து ராலின்ஸ் வரை சுமார் 200 கி.மீ. பாதையில் கடையே கிடையாது. நடுவில் இருப்பது கிரேட் டிவைட் பேசின். அங்கே விழும் மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை. அந்தப் படுகையிலேயே வற்றிவிடும். நிழல் இல்லை, காற்று மட்டும் ஓயாது. அந்த ஊருக்கு மாலையில் கடை மூடுவதற்குள் போய்ச் சேருபவர் சாப்பாடு வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகக் கடந்துவிடலாம். இருபது நிமிடம் பிந்தியவர் காலை வரை காத்திருக்க வேண்டும், அல்லது இருப்பதை வைத்துத் துணிய வேண்டும். வரைபடத்தில் 5 கி.மீ.யாகத் தெரிந்த இடைவெளி மறுநாள் 120 கி.மீ. ஆகியிருப்பதற்கு இப்படியொரு மூடிய கதவு காரணமாக இருக்கும்.

அப்புறம் சேறு. மொன்டானாவிலும் நியூ மெக்சிகோவிலும் சில களிமண் சாலைகள் மழை பெய்தால் பசையாகிவிடும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, தள்ளவும் முடியாது. வலுக்கட்டாயமாக மிதித்தால் பின் சக்கரத்தில் கியர் மாற்றும் டெரெய்லியர் ஒடியும். குச்சியால் சுரண்டி எடுத்து, பத்தடி போய், மறுபடி சுரண்ட வேண்டும். அங்கே மணிக்கு 2 கி.மீ.யில் ஊரும் புள்ளியைப் பார்த்து ‘சோர்ந்துவிட்டார்’ என்று எழுதுவது அநியாயம். மூன்று மணி நேரம் கழித்து வெயிலில் மண் காய்ந்தபின் அதே சாலையில் வருபவர் சாதாரணமாகக் கடந்துவிடுவார். புள்ளிகளோடு மழை வரைபடத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் இது பிடிபடும்.

புள்ளி பாதையை விட்டு விலகினால்

2015-இல் அலாஸ்காவைச் சேர்ந்த லேல் வில்காக்ஸ் பந்தயத்தின் முதல் நாட்களிலேயே மூச்சு விட முடியாமல் திணறினார். மொன்டானாவின் ஹெலினா நகரை அடைந்ததும் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சைக்கிளிலேயே போனார். மூச்சுக்குழாய் அழற்சி என்றார்கள். மருந்து வாங்கிக்கொண்டு மறுபடி பாதைக்கு வந்து, 17 நாள் 1 மணி 51 நிமிடத்தில் முடித்தார். அப்போது அது பெண்களில் சாதனை.

வரைபடத்தில் மட்டும் பார்த்தவருக்கு அது நகருக்குள் ஒரு விலகல், நீண்ட நிறுத்தம். மருத்துவமனை யாருக்கும் திறந்திருக்கும் இடம் என்பதால் விதிப்படியும் சரிதான். அவருக்கு அந்த நேரம் திருப்தியாக இல்லை. அதே கோடையில் திரும்பி வந்து, தனி ஆளாக, அதே விதிகளின்படி 15 நாள் 10 மணி 59 நிமிடத்தில் முடித்தார். இப்படிக் கூட்டத்தோடு கிளம்பாமல், தான் விரும்பிய நாளில் கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுவதைத் தனிநேர ஓட்டம் என்று தனியே குறித்து வைப்பார்கள்.

2022 ஜூனில் இன்னொரு விதமாக நடந்தது. தொடக்க நாட்களில் குளிர் மழையும் பனியும் பிடித்துக்கொண்டது. உடல் வெப்பம் குறைந்து பலர் மீட்புக் குழுவை அழைக்க வேண்டியதாயிற்று. மீட்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். அவர்களும் அதே குளிரில், அதே மலைக்குள் போக வேண்டும். ‘துணையின்றி’ என்ற விதியின் முழு எடையும் இங்கேதான் தெரிகிறது. டிராக்கரில் அவசரப் பொத்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மழைக் கோட்டின் எடையைக் குறைப்பவர், தன் பாரத்தை முன்பின் தெரியாத ஒருவர் தோளில் ஏற்றுகிறார். எடை குறைப்பதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இதைப் பற்றி அதைவிட அதிகமாகப் பேச வேண்டும்.

பார்ப்பவருக்கும் பொறுப்பு உண்டு

புள்ளி எல்லோருக்கும் தெரிவதால் ஒரு சிக்கல் வருகிறது. ஆர்வத்தில் சாலையோரம் வந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, குளிர்பானம் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். அன்புதான். ஆனால் பிடித்த போட்டியாளருக்கு மட்டும் கொடுத்தால் சமநிலை கெட்டுவிடும். கைதட்டுங்கள், கொடுப்பதாக இருந்தால் வரும் எல்லோருக்கும் கொடுங்கள்.

வெறுமனே உடன் இருப்பதே உதவியாகுமா என்ற விவாதமும் நடந்தது. 2019-இல் வில்காக்ஸைப் பின்தொடர்ந்த படப்பிடிப்புக் குழுவில் அவருடைய வாழ்க்கைத் துணையும் இருந்தார். சாப்பாடோ பொருளோ கொடுக்கவில்லை என்றாலும், நெஞ்சுக்கு நெருக்கமான முகத்தை வழியில் பார்ப்பது மற்றவர்களுக்குக் கிடைக்காத ஊக்கம் என்றார்கள் சிலர். படம் எடுப்பதால் பந்தயம் இன்னும் பல பேரைச் சென்றடைகிறது, பெண்கள் வருகிறார்கள் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும், பத்து நாளாக வேற்று முகங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டுபவரின் தனிமையும் இந்தப் பந்தயத்தின் ஒரு பாரம். எடையை எல்லோரும் சமமாகச் சுமக்க வேண்டும் என்றால் அதையும் சேர்த்துத்தான் என்பது என் கருத்து.

குடும்பத்தாருக்கு ஒன்று: புள்ளி ஆறு மணி நேரம் அசையவில்லை என்றதும் அந்த ஊர்க் காவல்துறையை அழைக்க வேண்டாம். தகவல் எவ்வளவு பழையது, அங்கே மணி என்ன, பக்கத்தில் விடுதி இருக்கிறதா, அருகே உள்ள மற்ற புள்ளிகள் அந்த இடத்தைக் கடந்துவிட்டனவா என்று வரிசையாகப் பாருங்கள். கிளம்பும் முன்பே ‘எத்தனை மணி நேரம் தகவல் இல்லையென்றால் என்ன செய்வது’ என்று பேசி முடிவு செய்து வைப்பது நல்லது.

ஓட்ட நினைப்பவருக்கு

சைக்கிள் பற்றிச் சுருக்கமாக: 29 அங்குலச் சக்கரம், 2.2 அங்குலத்துக்குக் குறையாத டியூப்லெஸ் டயர், முன் சக்கர அச்சில் மின்சாரம் எடுக்கும் டைனமோ, ஃபிரேமிலும் சீட்டுக்குப் பின்னும் ஹேண்டிலிலும் கட்டும் பைகள். இந்தப் பட்டியலில் சண்டை போட நிறைய இருக்கிறது, முடிவை அது பெரிதாக மாற்றாது.

முடிவை மாற்றுபவை உடம்பின் சின்ன இடங்கள். உள்ளங்கை நரம்பு அழுந்தி விரல் மரத்துப்போகும், பல வாரம் பேனா பிடிக்கச் சிரமப்படுபவர்கள் உண்டு. குதிகால் தசைநார் வீங்கும். சீட் புண் காய்ச்சல் வரை கொண்டுபோகும். பயிற்சியில் ஒரே நாள் 300 கி.மீ. ஓட்டுவதைவிட, தொடர்ந்து மூன்று நாள் 150 கி.மீ. சுமையோடு ஓட்டி, வெளியே படுத்து எழுந்து, நாலாம் நாள் காலையில் என்ன வலிக்கிறது என்று பார்ப்பது அதிகம் கற்றுத்தரும்.

பதிவு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ‘நான் இந்த ஆண்டு வருகிறேன், விதிகளை ஏற்கிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதி அறிவிப்பதே இங்கே வழக்கம். ஆனால் பாதை இரண்டு நாடுகள் வழியாகப் போகிறது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவருக்குக் கனடா விசாவும் வேண்டும், அமெரிக்க விசாவும் வேண்டும், இரண்டும் கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். மொன்டானா எல்லையில் ரூஸ்வில் சாவடிக்குப் போய்ச் சேரும்போது சேறும் தூக்கமின்மையுமாக இருப்பீர்கள். பாஸ்போர்ட்டை நீர் புகாத உறையில் போட்டு, பையைக் கொட்டிக் கவிழ்க்காமல் எடுக்கிற இடத்தில் வையுங்கள். ஆன்டிலோப் வெல்ஸில் கடையோ விடுதியோ கிடையாது. அங்கிருந்து திரும்புவதற்கான வண்டியையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பந்தயம் அங்கே முடிந்துவிடுவதால், அந்த வண்டியில் நண்பர் வந்தாலும் விதி எதுவும் மீறப்படாது.